பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, உடல்தான் சரியாக இல்லை: இது பதற்றமா, கண்டுபிடிக்கப்படாத நோயா?

நீலவானம் எழுதியது:

எனக்கு வயது 34. எட்டு மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு, புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது, காரணம் எதுவும் இன்றி நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. சில நிமிடங்களுக்குள் விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றியுள்ள பகுதியும் மரத்துப்போயின, மூச்சு போதவில்லை, தலை சுற்றியது, இன்னும் சிறிது நேரத்தில் உயிர் போய்விடும் என்ற எண்ணம் சந்தேகத்துக்கு இடமில்லாத உறுதியோடு வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்கள். இ.சி.ஜி.யிலும், இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையிலும் குறை எதுவும் தென்படவில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குள்ளாகவே பாதி அடங்கிவிட்டிருந்தது.

அதன் பிறகு மாதத்துக்கு மூன்று நான்கு முறை இது வருகிறது. இடைப்பட்ட நாள்களில் சோர்வும், கண் இமையிலும் கெண்டைக்காலிலும் தசைத் துடிப்பும், வயிற்றுப் பொருமலும் இருக்கின்றன. ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, எக்கோ எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கின்றன. இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள். இருவரும் "ஒன்றும் இல்லை, பதற்றம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மனம் தொடர்பான பிரச்சினை என்று சொல்லப்படுவதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை. ஆனால் அந்த முடிவு நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்கு முன்பே வந்துவிட்டது. முதல் முறை வந்தபோது எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. கவலையே இல்லாதவனுக்குப் பதற்றம் எப்படி வரும்? மறுபுறம், இன்னும் ஒரு பரிசோதனை, இன்னும் ஒரு மருத்துவர் என்று போய்க்கொண்டே இருப்பது சரியா என்றும் தெரியவில்லை. இரண்டையும் பிரித்தறிய உண்மையிலேயே வழி இருக்கிறதா? எந்த இடத்தில் தேடுவதை நிறுத்த வேண்டும்?

ஆலமரம் எழுதியது:

நான் பல ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்துவருகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் எப்படி யோசிக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில், "பரிசோதனைகள் சரியாக இருக்கின்றன, ஆகவே பதற்றம்" என்ற வாதமே பிழையானது என்று என் துறையைச் சேர்ந்தவன் என்ற பொறுப்போடு சொல்கிறேன். பரிசோதனைகள் சரியாக இருப்பது அந்தந்தப் பரிசோதனை தேடிய நோய்கள் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. பதற்றக் கோளாறு என்பது மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சும் குப்பைக்கூடை அல்ல. அதற்கென்று சொந்த அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும்.

அந்த அடையாளங்களில் மிக முக்கியமானது, அறிகுறி காலத்தில் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பதுதான். பேனிக் அட்டாக் என்று சொல்லப்படும் பீதித் தாக்கம் சில நிமிடங்களில் ஏறி, பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் மெல்ல வடியும். இறந்துவிடுவோம், அல்லது அறிவு கலங்கிவிடும் என்ற அச்சம் அதனுடன் சேர்ந்தே வரும். அதற்குப் பிந்தைய வாரங்களில், அடுத்தது எப்போது வருமோ என்ற எதிர்பார்ப்பும், அது வந்த இடங்களையும் செயல்களையும் தவிர்க்கும் பழக்கமும் வளர்ந்திருந்தால் அது வலுவான குறிப்பு. கவலை இல்லாதபோது எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பீதிக் கோளாறு என்று முடிவு செய்வதற்கே, எதிர்பாராமல், வெளிப்படையான தூண்டுதல் இல்லாமல் வரும் தாக்கங்கள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. உறக்கத்திலிருந்து எழுப்பும் தாக்கங்களும் உண்டு. ஆகவே உங்கள் முதல் அனுபவம் அமைதியான நேரத்தில் வந்தது என்பது பீதித் தாக்கத்துக்கு எதிரான சான்று ஆகாது. அதை உறுதிப்படுத்தும் சான்றும் ஆகாது.

விரல்களும் உதடும் மரத்துப்போனதாக எழுதியிருப்பது பயனுள்ள தகவல். உடலின் தேவைக்கு மேல் வேகமாகவோ ஆழமாகவோ மூச்சு விடும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. கால்சியத்தின் செயல்படும் பங்கு குறைந்து நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. அதனால்தான் வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் அந்த உணர்வு வருகிறது. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களும் சற்றுச் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. போதுமான மூச்சு வரவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில் உண்மையில் நீங்கள் தேவைக்கு அதிகமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். இவை எவையும் கற்பனை அல்ல என்பதைக் கவனியுங்கள். பதற்றம் தோற்றுவித்தாலும் அது உடலில் அளந்தறியக்கூடிய மாற்றம்தான். "ஒன்றும் இல்லை" என்று உங்களிடம் சொன்னது அந்த வகையிலும் தவறு.

இனி, பீதித் தாக்கத்தின் வேடத்தில் வரக்கூடிய நோய்கள். மேலறைப் படபடப்பு எனப்படும் எஸ்.வி.டி. என்ற இதயத் துடிப்புக் கோளாறு சுவிட்சைப் போட்டதுபோல ஒரே கணத்தில் தொடங்கி, அதேபோல ஒரே கணத்தில் நின்றுவிடும். துடிப்பு பெரும்பாலும் நிமிடத்துக்கு 150 முதல் 250 வரை இருக்கும். கழுத்தில் துடிப்பு அடிப்பதை உணர்வதும், முடிந்த பிறகு அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவதும் அதற்குச் சார்பான குறிப்புகள். வழக்கமான இ.சி.ஜி. ஏறத்தாழ 10 விநாடித் துடிப்பை மட்டுமே பதிவு செய்கிறது; தாக்கம் அடங்கிய பிறகு எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தால், அந்த 10 விநாடிகள் சரியாக இருந்தன என்றுதான் பொருள். எழுந்து நின்றால்தான் படபடப்பு வருகிறது என்றால், நின்ற பத்து நிமிடங்களுக்குள் ரத்த அழுத்தம் விழாமலேயே நாடித் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பாட்ஸ் எனப்படும் நிலையில் அப்படி நடக்கும். உணவு தவறும்போது நடுக்கத்தோடும் வியர்வையோடும் வந்தால் ரத்தச் சர்க்கரை. அதற்கு ஆலன் விப்பிள் என்ற அறுவை மருத்துவர் 1938இல் வகுத்த முறையே இன்றும் நிற்கிறது: அறிகுறி இருக்கும் அதே நேரத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்தவுடன் அறிகுறி நீங்க வேண்டும். வேறொரு நாளின் வெறும் வயிற்றுப் பரிசோதனை இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரியாக, அரை நிமிடம் அல்லது இரண்டு நிமிடம் மட்டும் திடீர் அச்சம் வந்து, வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும்புவதுபோல இருந்து, அந்நேரத்து நினைவு சற்று மங்கலாக இருந்தால், மூளையின் பக்க மடலிலிருந்து எழும் வலிப்பை நினைக்க வேண்டும். கடும் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து அப்போது ரத்த அழுத்தம் எகிறியிருந்தால், அட்ரினல் சுரப்பியில் தோன்றும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டி. இது மிக அரிது.

மருந்துகளையும் யாரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின், தைராய்டு குறைவுக்கான, அளவு கூடிப்போன தைராக்சின், மிகுதியான காபி, திடீரென நிறுத்திய மது அல்லது தூக்க மாத்திரை ஆகிய ஒவ்வொன்றும் இந்தப் படபடப்பைத் தரும்.

எங்கே நிறுத்துவது என்பதே உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. நோய் இல்லாத ஒருவருக்கு, ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், ஒவ்வொன்றின் இயல்பு வரம்பும் நலமானவர்களில் 95 விழுக்காட்டினரை மட்டுமே உள்ளடக்குவதால், ஏதேனும் ஒன்றாவது வரம்புக்கு வெளியே வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு அடுத்த பரிசோதனை, அதன்பின் இன்னொன்று என்று போகும். ஆகையால் நோயாளி சொல்லும் வரலாறு எந்தக் கேள்வியை எழுப்புகிறதோ அதற்குரிய பரிசோதனையை மட்டும், சரியான நேரத்தில் செய்ய வேண்டும்.

ஆனால் சில குறிகள் இருந்தால் இந்த நிதானத்துக்கு இடமில்லை. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வந்து ஓய்வெடுத்தால் நீங்கும் நெஞ்சுவலி, படபடப்போடு மயங்கி விழுதல், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம், முயற்சி இல்லாமல் எடை குறைதல், இரவுக் காய்ச்சல், மலத்தில் ரத்தம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், ஒரு காலில் மட்டும் வீக்கத்தோடு மூச்சுத்திணறல்: இவற்றில் எது இருந்தாலும் "பதற்றம்" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

கரையோரம் எழுதியது:

ஆலமரம் அவர்கள் குறிப்பிட்ட எஸ்.வி.டி. எனக்கு இருந்தது. நான்கு ஆண்டுகள் அதற்குப் பதற்றம் என்ற பெயரில் மாத்திரை எடுத்துக்கொண்டேன். எனக்கு மனவருத்தங்கள் இருந்தது உண்மை. திருமண முறிவை மருத்துவரிடம் சொன்ன நாளிலிருந்து என் நெஞ்சைப் பற்றிய எந்தப் பேச்சும் அந்த முறிவைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது.

என்னைக் காப்பாற்றியது ஒரு சாதாரணக் கேள்வி. புதிதாகப் பார்த்த மருத்துவர், "படபடப்பு எப்படி நிற்கிறது?" என்று கேட்டார். அதுவரை எல்லோரும் எப்படித் தொடங்குகிறது என்று மட்டுமே கேட்டிருந்தார்கள். ஒரு துடிப்பு தடுக்கி விழுந்ததுபோல இருக்கும், அடுத்த துடிப்பிலிருந்து எல்லாம் இயல்பாகிவிடும் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்ய உடலில் அணியும் 24 மணி நேர ஹோல்ட்டர் கருவியில் எதுவும் சிக்கவில்லை, ஏனெனில் அந்த நாளில் எனக்கு வரவே இல்லை. அடுத்து இரண்டு வாரங்கள் அணியும் கருவியில் பத்தாம் நாள் பதிவானது; நிமிடத்துக்கு 190. பிறகு கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக, இதயத்தில் அந்தப் படபடப்பை உண்டாக்கிய குறுக்கு மின்பாதையைச் செயலிழக்கச் செய்தார்கள்.

இது என் ஒருத்திக்கு மட்டும் நேர்ந்தது அல்ல என்று பின்னால் அறிந்துகொண்டேன். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், எஸ்.வி.டி. உறுதியான 107 பேரில் மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் பீதிக் கோளாறின் வரையறைக்கும் பொருந்தியிருந்தன. அறிகுறிப் பட்டியலை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். நீலவானம், அடுத்த முறை வரும்போது நாடியைப் பிடித்து அரை நிமிடம் எண்ணுங்கள். எண்ண முடியாத வேகமா, சீரானதா, எப்படி நிற்கிறது என்று எழுதி வையுங்கள்.

தூறல் எழுதியது:

நான் எதிர்க்கரையிலிருந்து வருகிறேன். கரையோரம் சொன்னதைப் போன்ற அனுபவங்களைப் படித்துப் படித்துத்தான் நான் மூன்று ஆண்டுகளை இழந்தேன். அவர் மீது குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குத் தசைத் துடிப்பில் தொடங்கியது. அது நரம்புகள் சிதையும் கொடிய நோய் என்று நம்பினேன். நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து, தசை வலிமை குறையவில்லை, மெலியவில்லை, ஆகவே இந்தத் துடிப்பு தீங்கற்றது என்றார். அந்த நிம்மதி சரியாக ஒன்பது நாள்கள் நீடித்தது. பத்தாம் நாள் அவர் இடது காலைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் பிறகு நிம்மதி குறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் எடுத்த ஸ்கேனின் முடிவு கையில் கிடைத்து, வண்டி நிறுத்தத்துக்கு நடந்து வருவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே நின்றபடிதான், எனக்கு இருப்பது துடிப்பு நோய் அல்ல, எவ்வளவு பதில் ஊற்றினாலும் நிறையாத கேள்வி என்று உணர்ந்தேன்.

எனக்குப் பயன்பட்ட ஓர் அடையாளத்தைச் சொல்கிறேன். என் அறிகுறிகள் படிப்பைத் தொடர்ந்து வந்தன. கைத்தளர்ச்சியைப் பற்றிப் படித்தால் கை தளர்ந்தது. விழுங்குவதில் சிரமம் என்று படித்தால் தொண்டை அடைத்தது. ஒரு நாளில் எத்தனை முறை கெண்டைக்காலைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று எண்ணச் சொன்னார் என் உளவியல் ஆலோசகர். பிற்பகலுக்குள் நாற்பதைத் தாண்டியது. தொட்டுப் பார்ப்பதையும் தேடிப் படிப்பதையும் படிப்படியாகக் குறைத்த ஐந்தாறு வாரங்களில் துடிப்பு நிற்கவில்லை. ஆனால் அது வந்ததா இல்லையா என்பதை மாலையில் நினைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே நாடியை எண்ணச் சொல்லும் ஆலோசனைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னைப் போன்றவருக்கு அது மருந்தல்ல, தீனி.

அகல்விளக்கு எழுதியது:

மருத்துவ உளவியல் துறையில் பணியாற்றுகிறேன். தூறல் சொன்ன வரம்பு முக்கியமானது. நான் பார்ப்பவர்களிடம் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் மட்டும் எழுதச் சொல்வேன், தாக்கம் வந்தால் மட்டும், ஒரு முறைக்கு நான்கு வரிகளுக்கு மேல் வேண்டாம் என்பேன். தொடங்கிய விதம், நாடி, உடன் வந்த எண்ணம், முடிந்த விதம். அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுத்த பிறகு குறிப்பேட்டை மூடிவிட வேண்டும்.

"விளக்க முடியாத அறிகுறி" என்பதையே மனநோய்க்கு அளவுகோலாக வைத்திருந்த முறையை 2013இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு பெருமளவில் கைவிட்டது. அதன்படி, உடல் அறிகுறிக் கோளாறு என்று சொல்வதற்கு மருத்துவ விளக்கம் இல்லாதிருப்பது தேவையில்லை; அறிகுறியைப் பற்றிய எண்ணமும் அச்சமும் அதற்காகச் செலவாகும் நேரமும் அளவு கடந்திருப்பதே தேவை. இதய நோய் உறுதியான ஒருவருக்கும் அது இருக்கலாம். இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன், ஏனென்றால் நோயா மனமா என்ற வழக்கு தீர்ப்பாகும் வரை துன்பப்படுகிறவர் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. இதயக் கருவியை அணிந்துகொண்டே மூச்சுப் பயிற்சியையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையையும் தொடங்கலாம். சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால் பதற்றம் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள், அப்படி இல்லை. ஒன்று மட்டும்: எடை குறைதல், மயக்கம், அல்லது இதுவரை வந்ததிலிருந்து முற்றிலும் வேறான புதிய அறிகுறி வந்தால், பதற்றம் என்று முன்பே எழுதப்பட்டிருந்தாலும் அதைப் புதிய கேள்வியாகவே மருத்துவர் பார்க்க வேண்டும், நீங்களும் அப்படியே கேட்க வேண்டும்.

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இந்தக் காலத்தில் மூன்று முறை வந்தது. நாடி 112, 118, 108. மூன்று முறையும் சீராக இருந்தது. நான்கைந்து நிமிடங்களில் ஏறி, இருபது நிமிடங்களில் மெதுவாக இறங்கியது. தடுக்கி விழுவதுபோல எதுவும் இல்லை. படுத்திருக்கும்போது 70, நின்ற பத்து நிமிடங்களில் 82. மூன்றில் இரண்டு முறை, வருவதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் நான் நீண்ட பெருமூச்சுகளாக விட்டுக்கொண்டிருந்ததை வீட்டில் கவனித்துச் சொன்னார்கள்; எனக்கு அது தெரியவே இல்லை.

அந்தத் தாளோடு போனேன். மருத்துவர் இந்த முறை முழுவதும் படித்தார். பீதித் தாக்கமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி, ஆனால் ஒரு தாக்கம் நடக்கும்போதே இதயப் பதிவு ஒன்று இருப்பது நல்லது என்று சொல்லி, இரண்டு வாரக் கருவிக்கு எழுதிக் கொடுத்தார். அதில் தாக்கத்தின்போது துடிப்பு வேகமாக, ஆனால் இயல்பான ஒழுங்கில் இருந்தால், இதயத்தைப் பற்றிய தேடல் அத்துடன் முடிகிறது என்று முன்கூட்டியே இருவரும் பேசி ஒப்புக்கொண்டோம். உளவியல் ஆலோசனையும் இதே வாரம் தொடங்குகிறது. அதே வார்த்தையைத்தான் அவர் இந்த முறையும் சொன்னார். கேட்ட பிறகு சொன்னதால் எனக்குக் கோபம் வரவில்லை.

ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. கருவி அணிந்திருக்கும் நாள்களிலும் நான் நாடியை எண்ணத்தான் வேண்டுமா?

ஆலமரம் எழுதியது:

வேண்டாம். எண்ணும் வேலையை இனி கருவி செய்யும். தாக்கம் வந்தால் அதிலுள்ள பொத்தானை ஒரு முறை அழுத்திவிட்டு, கையை நாடியிலிருந்து எடுத்துவிடுங்கள். மூச்சை வெளியே விடும் நேரத்தை உள்ளே இழுக்கும் நேரத்தைவிடச் சற்று நீட்டுங்கள். பதிவு வந்ததும் அந்தத் தாக்கத்தின் பக்கத்தை மருத்துவரோடு சேர்ந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.